உணவும் மருந்தும்: கொலஸ்திரோல் விவாதத்திற்கு ஒரு கொழும்பு வரலாறு

வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனைக் கோயில் வீதியிலோ நாற்பது வயதைக் கடந்த இருவர் சந்தித்துக்கொண்டால், சுகம் விசாரித்த மறுகணமே பேச்சுக் கொலஸ்திரோலுக்குத் திரும்பிவிடுகின்றது. ஒருவர் தேங்காய்ப்பாலை அறவே விட்டுவிட்டதாகக் கூறுவார். மற்றவர், "நான் எல்லாம் சாப்பிடுகிறேன், இரவில் ஒரு குளிசை போடுகிறேன்" என்பார். மூன்றாமவர் ஒருவர் வந்து சேர்ந்தால், கொலஸ்திரோல் என்பதே வெள்ளைக்காரக் கம்பனிகள் கட்டிய கதையென்றும், எம் பாட்டன்மார் தேங்காயெண்ணெயில் குளித்துத் தேங்காயெண்ணெயில் பொரித்துத் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தார்களென்றும் கூறித் தீர்ப்பு வழங்கிவிடுவார். இம்மூவரையும் நாம் அன்றாடம் காண்கின்றோம். எம்முட் சிலர் இம்மூவராகவும் வெவ்வேறு காலங்களில் இருந்துமுள்ளோம்.

உணவா, மருந்தா என்னும் இவ்வினா பொதுவாகத் தனிமனிதனின் நாவடக்கம் பற்றியதாகவே எழுப்பப்படுகின்றது. ஆனால் கொழும்பு வாழ் தமிழ் மகனின் உணவுத் தட்டிலே எது விழுந்தது, அவனது மருந்துப் போத்தலில் எது இருந்தது என்பவற்றை அவன் மட்டும் தீர்மானித்தானில்லை. பங்கீட்டு அட்டையும், கப்பலில் வந்த கோதுமை மாவும், அந்நியச் செலாவணியும், பல்தேசிய மருந்துக் கம்பனிகளும், அவற்றை எதிர்த்து நின்ற ஒரு சில அறிஞர்களும் இதிலே சம்பந்தப்பட்டுள்ளனர். அவ்வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் எமது மரபு பற்றி ஒரு சொல். திருக்குறளின் 95 ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்று பெயர். அதன் பத்துக் குறள்களில் ஆறு, 942 முதல் 947 வரையானவை, உண்ணும் அளவையும் முறையையும் பற்றியன. மருத்துவனும் நோயாளியும் இறுதி மூன்றிலேயே வருகின்றனர். யாழ்ப்பாண அரசர் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களும் பத்தியத்தை மருந்திலிருந்து பிரித்துப் பார்ப்பதில்லை. இதனைக் கொண்டு, 'உணவே மருந்து என்று எம்மவர் அன்றே கண்டனர்' எனப் பெருமை பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. அப்பெருமையில் ஒரு கவனக் குறைவு உண்டு. அந்நூல்கள் பேசுவது வாதம், பித்தம், சிலேட்டுமம் என்னும் முப்பிணி பற்றியே. குருதியில் ஓடும் ஒரு கொழுப்புப் பொருளை அளந்து, அந்த அளவிலிருந்து இருபது ஆண்டுகளின் பின் வரக்கூடிய மாரடைப்பை எதிர்வுகூறும் சிந்தனை அவற்றுக்குப் புறம்பானது. முன்னோரிடம் இல்லாத ஒன்றை அவர்கள்மீது ஏற்றுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகாது.

கொலஸ்திரோல் என்ற பொருள் பித்தக் கற்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரலினால் பெயரிடப்பட்டது. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ, நாடிச் சுவரில் தடிப்பு ஏற்படும் நோயை ஓர் அழற்சி எனக் கண்டார். 1913 இல் சென்ற் பீற்றர்ஸ்பேர்க் நகரில் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்திரோலை ஊட்டி அவற்றின் நாடிகளில் கொழுப்புப் படிவதைக் காட்டினார். கொழுப்பு, அழற்சி என்னும் இரு கருத்துக்களும் இவ்வாறு வெவ்வேறு வழியில் பிறந்தன. முதலாவது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்டது. இரண்டாவது ஏறத்தாழ நூறாண்டு காத்திருந்து மீண்டும் வந்தது.

எமது நோக்கிலே இவற்றினும் முக்கியமானது யாவாவில் நிகழ்ந்த ஒன்று. ஒல்லாந்தக் குடியேற்ற ஆட்சியின் கீழ் பத்தாவியாவிற் பணிபுரிந்த டி லாங்கென் என்னும் மருத்துவர், 1916 அளவில், யாவா மக்களின் குருதியில் ஒல்லாந்தரைவிடக் கொலஸ்திரோல் மிகக் குறைவாக இருப்பதை அவதானித்தார். வேறொரு ஆட்சியதிகாரி இதனை இனத்தின் இயல்பு என்று எழுதி முடித்திருப்பான். டி லாங்கென் அப்படிச் செய்யவில்லை. ஒல்லாந்தக் கப்பல்களில் வேலைசெய்து ஒல்லாந்த உணவையே உண்ட யாவாப் பணியாளரின் குருதியைச் சோதித்தார்; அது ஒல்லாந்தரின் அளவை அண்மித்திருந்தது. பின்னர், சோறும் மரக்கறியும் உண்டு பழகிய சில யாவா மக்களுக்கு இறைச்சி, வெண்ணெய், முட்டை கலந்த உணவைச் சில மாதம் கொடுத்துப் பார்த்தபொழுது அவர்களது கொலஸ்திரோலும் உயர்ந்தது. வேறுபாடு இரத்தத்தில் பிறப்பதன்று, சமையலறையிற் பிறப்பது என்பதற்கு இதுவே முதற் சான்றுகளில் ஒன்று. ஒல்லாந்த மொழியில், குடியேற்ற நாட்டுச் சஞ்சிகையில் வெளிவந்தமையால் நெடுங்காலம் எவரும் இதனைக் கவனிக்கவில்லை. அமெரிக்காவின் அன்செல் கீஸ் ஏழு நாடுகளின் ஆய்வை 1958 இல் தொடங்கிய பின்னரே உணவுக் கொழுப்பும் இதயநோயும் உலக விவாதமாயின.

தமிழரைப் பொறுத்தவரை இவ்விடயத்தில் முதல் எச்சரிக்கை சிங்கப்பூரிலிருந்து வந்தது. 1950 முதல் 1954 வரை அங்கு நிகழ்ந்த 9568 பிரேத பரிசோதனைகளின் பதிவேடுகளை டொக்டர் தனராஜும் அவரது சகாக்களும் ஆராய்ந்து 1959 இல் முடிவுகளை வெளியிட்டனர். முடியுரு நாடி நோய் சீனரிலும் பார்க்க இந்திய வம்சாவளியினரிடம் ஏழு மடங்காகக் காணப்பட்டது. சிங்கப்பூர் இந்தியருட் பெரும்பான்மையோர் தமிழர் என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். 1967 இல் மல்ஹோத்ரா இந்திய இரயில்வே ஊழியரிடையே நடத்திய ஆய்வு மேலும் சிக்கலான ஒன்றைக் காட்டியது. தென்னிந்தியரின் இதயநோய் மரணங்கள் பஞ்சாபியரினதைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆனால் நெய்யும் பாலும் தாராளமாக உண்டு, பல மடங்கு கொழுப்பை உட்கொண்டவர்கள் பஞ்சாபியரே! பின்னர், 1991 இல், இலண்டனில் வாழும் தெற்காசியரை ஆராய்ந்த மக்கீக் குழுவினர், இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமையும் வயிற்றுப் பகுதியிற் கொழுப்புச் சேர்வதும் இம்மக்களிடம் மிகுதியென்று காட்டினர். ஆக, எமது நோய் வெறுமனே கொலஸ்திரோலின் கதையன்று. தீட்டிய அரிசி, மா, சீனி, உடலுழைப்பின்மை ஆகியனவும் இதற்குள் வருகின்றன. 'எண்ணெயைக் குறைத்துவிட்டேன்' என்று கூறிக்கொண்டு மூன்று கரண்டி சீனியோடு தேநீர் அருந்தும் எம் நண்பர்கள் இதனைச் சிந்திக்கவேண்டும்.

இனி, கொழும்புத் தட்டுக்கு வருவோம். இலங்கையில் அரிசிப் பங்கீடு யுத்த காலத்தில், 1942 இல் ஆரம்பமாயிற்று. கூப்பன் அரிசி என்பது நகரத் தொழிலாளிக்கு வயிற்றுப்பாடு மட்டுமன்று, அரசியல் உரிமையுமாயிற்று. 1953 இல் அரசாங்கம் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபொழுது, ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டே பதவி துறந்தார். அதன்பின் அரிசியைத் தொட அஞ்சிய அரசுகள், மலிவாகவும் கடனாகவும் கிடைத்த கோதுமை மாவை நாடின. அமெரிக்காவின் 480 ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தின் கீழ் உபரிக் கோதுமை ஆசிய நாடுகளுக்குப் பாய்ந்த காலம் அது. எழுபதுகளின் தட்டுப்பாட்டில் கொட்டாஞ்சேனையிற் பாணுக்கு விடியமுன் வரிசையில் நின்றவர்கள் இன்றும் அதனை மறக்கவில்லை. 1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. 1980 இல் திருகோணமலையில் பாரிய மா ஆலை இயங்கத் தொடங்கியது. நெல்லும் குரக்கனும் தின்ற ஒரு சமூகம் இரண்டு தலைமுறைக்குள் பாணும் பிட்டும் கொத்துரொட்டியும் தின்னும் சமூகமாகியது. பிட்டும் முன்னர் அரிசி மாவில் அவிக்கப்பட்டதே. இன்றைய கொழும்பு வீடுகளில் கோதுமை மா கலவாத பிட்டைக் காண்பது அரிது.

கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் இம்மாற்றத்தை ஒரே விதமாக அனுபவிக்கவில்லை. துறைமுகத்தையும் செட்டியார்தெருவையும் அண்டிய கொட்டாஞ்சேனையில், பாரம் சுமந்தவர்களும் கடைச் சிப்பந்திகளும் வாழ்ந்தனர். அவர்கள் உண்டதை உடலுழைப்பு எரித்தது. வெள்ளவத்தை, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுவினைஞராகவும் ஆசிரியராகவும் கணக்காளராகவும் வந்த மத்தியதர வர்க்கத்தினரின் உறைவிடம். ஊரில் தோட்டம் கொத்திய தகப்பனுக்குப் பிறந்து, காலி வீதியிற் பஸ்ஸேறிக் கந்தோர் நாற்காலியில் எட்டு மணிநேரம் இருந்த தலைமுறை அது. ஊர் உணவின் அளவு மாறவில்லை, உழைப்பு மாறிவிட்டது. 1983 இன் பின்னரும், தொண்ணூறுகளின் போர்க்காலத்திலும் வடக்குக் கிழக்கிலிருந்து வந்தோர் வெள்ளவத்தை மாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலும் அடைபட்டனர். முற்றமும் முருங்கையும் அற்ற வாழ்க்கை. சோதனைச் சாவடிக்கு அஞ்சி மாலை நடையும் அற்ற வாழ்க்கை. கையில் வெளிநாட்டுக் காசு வந்தது, வாசலிற் சோட்டீற்ஸ் கடை வந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து இலங்கை ஆஸ்பத்திரி மரணங்களுக்கு இதய முடியுரு நோய் முதற் காரணமாக இருந்துவருவதை இப்பின்னணியிற் காணவேண்டும்.

தேங்காய் பற்றிய வாதம் இவ்விடத்திலேயே வருகின்றது. தேங்காயெண்ணெயிலுள்ள கொழுப்பமிலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் நிரம்பியவை. எண்பதுகளின் பிற்பகுதியில் அமெரிக்க சோயா உற்பத்தியாளர் சங்கம் வெப்பவலய எண்ணெய்களுக்கு எதிராகப் பெரும் பிரசாரம் நடத்தியது. 1988 இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் தேங்காயெண்ணெயையும் பாமெண்ணெயையும் நஞ்சென்று சித்திரிக்கும் முழுப்பக்க விளம்பரங்கள் வெளியாயின. அங்கு அவற்றின் இடத்தைப் பிடித்த ஐதரசன் ஏற்றிய எண்ணெய்களும் அவற்றிலிருந்து செய்யப்பட்ட மாஜரீன்களும் தேங்காயெண்ணெயைவிடக் கேடானவை என்பது சில ஆண்டுகளுள் வெளிப்பட்டது. இதனை அறிந்த முற்போக்காளர் பலர், தேங்காய் மீதான குற்றச்சாட்டு முழுவதுமே ஏகாதிபத்திய வணிகச் சதி என்ற முடிவுக்கு வந்தனர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினோம்.

ஆனால் அக்குற்றச்சாட்டுக்கான சான்று சோயாக் கம்பனிகளிடமிருந்து மாத்திரம் வந்ததன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாந்தி மென்டிசும் சகாக்களும் 1989 முதல் இலங்கையரிடையே இதனை நேரிற் பரீட்சித்தனர். 1990 இல் வெளியான ஆய்வில் தேங்காய்க் கொழுப்பும் சோயாக் கொழுப்பும் ஒப்பிடப்பட்டன. 2001 இல் மென்டிஸ், சமரஜீவ, தட்டில் ஆகியோர் வெளியிட்ட ஆய்வே எமக்கு மிகவும் பயனுள்ளது. ஏனெனில், அது தேங்காயை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. உணவுச் சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு 18 ஆக இருந்த தேங்காய்க் கொழுப்பை அரைவாசியாகக் குறைத்தபொழுது, மொத்தக் கொலஸ்திரோல் நூற்றுக்கு 8 அளவிலும், எல்.டி.எல். எனப்படும் கேடான பகுதி நூற்றுக்கு 11 அளவிலும் குறைந்தன. தேங்காய் ஆதரவாளர் எடுத்துக்காட்டும் ஒரு செய்தியும் பேராதனை ஆய்வுகளிலேயே உண்டு: வித்தெண்ணெய்க்கு முற்றாக மாறியபொழுது நல்ல பகுதி எனப்படும் எச்.டி.எல்.லும் குறைந்தது. ஆயினும், பல்வேறு நாடுகளின் 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020 இல் வெளியான மதிப்பீடு, ஏனைய தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.ஐ டெசிலீற்றருக்குப் பத்து மில்லிகிராம் அளவில் உயர்த்துகின்றதென்றே காட்டியது. பொய்யான உள்நோக்கத்தோடு கூறப்பட்ட ஒன்றும் மெய்யாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை. பாட்டனார் தேங்காயோடு தொண்ணூறு வயது வாழ்ந்தார் என்பதும் மெய்யாக இருக்கலாம். அவர் அந்தத் தேங்காயைத் தாமே ஏறிப் பறித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இனி மருந்து. கொலஸ்திரோலைக் குறைப்பதற்கென அறுபதுகளிற் பெரிதும் விற்கப்பட்டது குளோபைபிறேற் என்னும் மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அனுசரணையில் எடின்பரோ, பிராக், புடாபெஸ்ட் நகரங்களில் நடத்தப்பட்ட பெரிய பரிசோதனையின் முடிவு 1978 இல் வெளிவந்தது. மருந்து உண்டவர்களுக்குக் கொலஸ்திரோல் குறைந்தது, மரணத்தில் முடியாத மாரடைப்புக்களும் குறைந்தன. ஆனால் எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த மொத்த மரணங்கள் கூடின! எண்ணைக் குறைப்பதும் மனிதனைக் காப்பதும் ஒன்றல்ல என்ற பாடத்தை மருத்துவ உலகம் அன்று கற்றது.

இதே காலப்பகுதியில் கொழும்பில் நிகழ்ந்தது உலக மருந்து வரலாற்றில் ஓர் அத்தியாயமாகும். மருந்தியற் பேராசிரியரும் சமசமாஜ இயக்கத்தவருமான சேனக பிபிலே, கம்யூனிஸ்ட் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து நாட்டின் மருந்து நிருவாகம் பற்றிய அறிக்கையை 1971 இற் சமர்ப்பித்தார். அதே ஆண்டு அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிபிலே அதன் தலைவரானார். தனியார்துறையில் இறக்குமதியான ஏறத்தாழ 2100 மருந்துகள் 600 ஆகக் குறைக்கப்பட்டன. வணிகப் பெயர் நீக்கப்பட்டு மூலப் பெயர் வந்தது. உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் கொள்வனவு நடந்தது. ஒரே மருந்து வெவ்வேறு பெயர்களில் எத்துணை வெவ்வேறு விலையில் விற்கப்பட்டதென்பது அப்பொழுதுதான் அம்பலமாயிற்று.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1974 இல் வாந்திபேதி பரவியபொழுது, கூட்டுத்தாபனம் வேறொரு கம்பனியிடமிருந்து தருவித்த ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் கூடுகளில் அடைத்துக் கொடுக்கப் பைசர் கம்பனியின் உள்ளூர்த் தொழிற்சாலை மறுத்தது. தரம் பற்றிய ஐயமே காரணம் என்றது. மருந்தை வெளிநாட்டிலிருந்து அவசரமாக விமானத்தில் இறக்கவேண்டியதாயிற்று. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபொழுது அமெரிக்கத் தூதுவர் பிரதமரைச் சந்தித்தார், யோசனை கைவிடப்பட்டது. இவ்விவரங்களை சஞ்சய லாலும் பிபிலேயும் இணைந்தெழுதி 1977 இல் வெளியான கட்டுரையிற் காணலாம். 1976 ஆகஸ்டில் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு மருந்துக் கொள்கை பற்றிய தீர்மானமொன்றை நிறைவேற்றியது. 1977 இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற் பட்டியலை வெளியிட்டது. அதே ஆண்டு இலங்கையில் ஆட்சி மாறியது, இறக்குமதி தாராளமாயிற்று, கூட்டுத்தாபனம் தன் தனியுரிமையை இழந்தது. செப்டெம்பர் 29 ஆம் நாள், கயானாவிற் பணியிலிருந்த வேளை, பிபிலே காலமானார். கூட்டுத்தாபனத்தின் 'ஒசு சல' கடைகள் இன்றும் உள்ளன. அவற்றின் வாசலில் நிற்கும் வரிசைக்கு அவர் பெயர் தெரியுமோ, அறியோம்.

பிபிலே அறிந்திராத, அறிந்திருந்தால் ஆவலோடு ஆராய்ந்திருக்கக்கூடிய ஒரு மருந்து அவர் வாழ்ந்த காலத்திலேயே யப்பானிற் கண்டுபிடிக்கப்பட்டது. சங்கியோ கம்பனியின் ஆய்வாளர் அக்கிரா எண்டோ, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்து, 1973 இல், ஈரலிற் கொலஸ்திரோல் உற்பத்தியைத் தடுக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். அது கிடைத்த பூஞ்சணம் கியோட்டோ நகரத் தானியக் கடை அரிசியிற் படர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சணம்! 1979 இல் அவரே சிவப்புப் பூஞ்சண அரிசியோடு தொடர்புடைய இனத்திலிருந்து அதன் உறவுப் பொருளொன்றைக் கண்டார். சீனர் நூற்றாண்டுகளாக உணவுக்கு நிறமூட்டப் பயன்படுத்திய அந்த அரிசியிலுள்ள பொருளும், 1987 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோவாஸ்ரற்றின் குளிசையும் ஒரே மூலக்கூறாகும். உணவுக்கும் மருந்துக்கும் இடையே கோடு கிழிக்க முயல்வோர் இந்த அரிசியை எப்பக்கம் வைப்பர்?

1994 இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் 4444 இதயநோயாளரிடம் நடத்தப்பட்ட பரிசோதனை ஐயத்தைப் போக்கியது. சிம்வாஸ்ரற்றின் உண்டவர்களிடையே, ஐந்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், மொத்த மரணங்கள் நூற்றுக்கு 30 அளவில் குறைந்தன. குளோபைபிறேற் தோற்ற பரீட்சையில் இது தேறியது. 1997 இற் சந்தைக்கு வந்த அற்றோவாஸ்ரற்றின், பைசர் கம்பனியின் கைக்குச் சென்று, ஆண்டொன்றுக்கு 10 பில்லியன் டொலருக்கு மேல் விற்பனையாயிற்று. 1974 இல் ரெற்றாசைக்கிளின் கூடடைக்க மறுத்த அதே கம்பனி. இந்த விலையில் அம்மருந்து கொட்டாஞ்சேனையை எட்டியிராது. அதனை எட்டச் செய்தது, பொருளுக்கன்றித் தயாரிப்பு முறைக்கே உரிமை வழங்கிய இந்தியாவின் 1970 ஆம் ஆண்டுப் படைப்புரிமைச் சட்டம். அச்சட்டத்தின் நிழலில் வளர்ந்த இந்தியக் கம்பனிகள் மூலப்பெயர் மருந்தை மலிவாகச் செய்தன. இலங்கை அரச ஆஸ்பத்திரிகள் அவற்றை வாங்கி இலவசமாக வழங்கின. இம்மருந்தைக் கம்பனிகளின் மோசடி என்று ஒதுக்கும் முற்போக்காளர், அதனை ஏழைக்குக் கிடைக்கச் செய்வதற்காக எம்மவர் நடத்திய போராட்டத்தையே அறியாமல் ஒதுக்குகின்றனர் என்பது எம் கருத்து.

உணவும் மருந்தும் நேருக்கு நேர் நிறுத்தப்பட்ட பரிசோதனையும் ஒன்றுண்டு. 2003 ஜூலையில் ரொறன்ரோவைச் சேர்ந்த டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் அதனை வெளியிட்டனர். கொலஸ்திரோல் மிகுந்த 46 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டு ஒரு மாதம் அவதானிக்கப்பட்டனர். கொழுப்புக் குறைந்த சாதாரண உணவு மட்டும் உண்டவர்களின் எல்.டி.எல். நூற்றுக்கு 8 குறைந்தது. அதனோடு லோவாஸ்ரற்றினும் உண்டவர்களுக்கு 30.9, தேர்ந்தெடுத்த உணவுத் தொகுதியை உண்டவர்களுக்கு 28.6. அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதமும் முறையே 10, 33.3, 28.2 வீதம் இறங்கியது. உணவு ஏறத்தாழ மருந்தோடு சமமாக ஓடிற்று. அவ்வுணவு யாது? சோயாப் புரதம், பாதாம், தாவர ஸ்ரெரோல் சேர்த்த மாஜரீன், ஓற்ஸ், பார்லி, இசப்புகோல், இவற்றோடு வெண்டிக்காய், கத்தரிக்காய்! வெண்டிக்காயின் வழுவழுப்பைக் கண்டு முகஞ்சுழிக்கும் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லிப் பயனில்லையாயினும், பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. அவ்வழுவழுப்பான நார்ப்பொருள் குடலிற் பித்த உப்புக்களைப் பற்றி வெளியேற்றுகின்றது. இழந்ததை ஈடுசெய்ய ஈரல் குருதியிலிருந்து கொலஸ்திரோலை எடுக்கின்றது.

அதே மருத்துவச் சஞ்சிகை மூன்று வாரத்தின் பின் வேறொரு முடிவையும் வெளியிட்டது. ஆயுர்வேதத்தின் குங்கிலிய வகையான குக்குலு கொலஸ்திரோலைக் குறைக்குமென்பது 1966 இல் பனாரசிற் செய்யப்பட்ட ஆய்வோடு இந்தியாவிற் பரவிய நம்பிக்கை. பென்சில்வேனியாவில் நடந்த பரிசோதனையில் அதனை உண்டவர்களின் எல்.டி.எல். குறையவில்லை, சற்று உயர்ந்தது. எமது மரபிலிருந்து வருவதெல்லாம் சோதனையின்றித் தேறிவிடாது.

ஜென்கின்சின் வெற்றியையும் முழுதாக நம்பிவிடலாகாது. அந்த 46 பேருக்கும் உணவு ஆய்வாளராலேயே வழங்கப்பட்டது. 2011 இல் அதே குழுவினர் கனடாவில் 350 பேரளவில், உணவைக் கொடாமல் ஆலோசனை மட்டும் கொடுத்து ஆறு மாதம் பார்த்தபொழுது, எல்.டி.எல். குறைவு நூற்றுக்கு 13 அளவாகவே இருந்தது. 28 இற்கும் 13 இற்கும் இடையிலான இந்த வித்தியாசத்திற்கு என்ன பெயர் இடுவது? வைத்தியர் அதனை நோயாளியின் ஒழுங்கீனம் என்பார். நாம் அதனைச் சந்தை விலை, சமைக்க நேரமின்மை, ஒரே அடுப்பில் ஐந்து பேருக்குச் சமைக்கும் பெண்ணின் களைப்பு என்று வாசிக்கின்றோம். கணவனுக்கு வேறாக, மாமிக்கு வேறாக, பிள்ளைகளுக்கு வேறாக ஆக்கவேண்டியவள் அவளே. ஆய்வுக் கட்டுரைகளில் அவள் எங்கும் தோன்றுவதில்லை.

அழற்சி பற்றிய விர்ச்சோவின் கருத்து இக்காலத்தில் புத்துயிர் பெற்றது. 2008 இல், எல்.டி.எல். அதிகமில்லாது அழற்சிப் புரதம் மட்டும் உயர்ந்திருந்த 17802 பேரிடம் ரோசுவாஸ்ரற்றின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கணிசமாகக் குறைத்தது. ஆனால் அம்மருந்து இரண்டையும் குறைப்பதால், பயன் எதனால் விளைந்ததென்ற வினா எஞ்சியது. கொலஸ்திரோலைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணித்த வேறொரு மருந்து, 2017 இல், மாரடைப்பு, பக்கவாதம், இதயநாடி நோய் மரணம் ஆகியவற்றை ஒருசேர நூற்றுக்கு 15 அளவில் குறைத்து அக்கருத்து சரியென்று காட்டியது. அம்மருந்து உயிர்கொல்லும் தொற்றுக்களையும் கூட்டியது. அதன் விலையோ எம் போன்ற நாடுகள் எண்ணிப்பார்க்கவும் முடியாதது.

எமது நாட்டிலே செய்யத்தக்க ஆய்வு ஒன்று உண்டு. ரொறன்ரோவின் பாதாமுக்குப் பதிலாகக் கச்சான், ஓற்ஸிற்குப் பதிலாகக் குரக்கன், சோயாவுக்குப் பதிலாகப் பயறும் கௌபியும், மாஜரீனுக்குப் பதிலாக நல்லெண்ணெய், அவற்றோடு வெண்டிக்காயும் கத்தரிக்காயும் முருங்கையிலை வறையும் எனக் கொட்டாஞ்சேனைச் சந்தையில் வாங்கக்கூடிய பொருள்களைக் கொண்டு ஒரு தொகுதி அமைத்து, அரச ஆஸ்பத்திரிக் குளிசையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கம்பனி எதுவும் இதற்குப் பணம் தராது. பல்கலைக்கழகங்களே செய்யவேண்டும். மாரடைப்பு ஒருமுறை வந்தவர்களை இத்தகைய ஒப்பீட்டிற் சேர்க்கலாகாது. அவர்களுக்கு உணவு குளிசைக்குத் துணையாகலாம், குளிசையின் இடத்தைப் பிடிக்காது. பிறப்பிலேயே கொலஸ்திரோல் மிகுந்த குடும்பங்களுக்கும் இதுவே பொருந்தும். தேங்காய் பற்றிய பேச்சொன்றைக் கேட்டுவிட்டுத் தம் குளிசையை நிறுத்திய இருவரை நாம் அறிவோம். அவர்களுள் ஒருவர் இன்றில்லை.

2022 இல் நிகழ்ந்ததைக் கூறாமல் இவ்வரலாறு நிறைவுறாது. ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்தமுடியாதென அறிவித்தது. அந்நியச் செலாவணி அற்றுப்போக, அரச ஆஸ்பத்திரிகளிற் பல மருந்துகள் தீர்ந்தன. நோயாளரிடம் துண்டெழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். தனியார் பாமசிகளில் விலை ஏறியிருந்தது. செப்டெம்பரிற் கொழும்பின் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 95 ஐத் தொட்டது. மீனும் பயறும் மரக்கறியும் எட்டாக்கனியாக, சோறும் சம்பலும் பாணுமே மிஞ்சின. வெள்ளவத்தையில் வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் தெரிந்தவர் கையில் மருந்து கொடுத்தனுப்பினார்கள். கொட்டாஞ்சேனையில், ஒரு மாதக் குளிசையை ஒருநாள் விட்டொருநாள் போட்டு இரண்டு மாதமாக்கினார்கள்.